துலா சொன்ன எண்

எங்கள் அலுவலகத்தில் அஜைல் என்கிற புது வேலைமுறை வந்ததும் முதலில் காணாமல் போனவை நாற்காலிகள். காலைக் கூட்டத்தை நின்றுகொண்டேதான் நடத்த வேண்டுமாம். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும் என்பது, பெங்களூரிலிருந்து மூன்று நாள் வகுப்பெடுக்க வந்தவரின் விளக்கம். அதை அவர் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அடுத்து சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வந்தன. ஆறு மாத வேலையை இரண்டிரண்டு வாரமாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தோம். ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்த சென்னியப்பன், இந்தக் கூட்டங்களை நடத்துகிற ஸ்க்ரம் மாஸ்டர் ஆனார். 'எத்தனை நாள் ஆகும் என்பதைக் குழுவே முடிவு செய்யும்' என்ற வாசகத்தைப் பெரிதாக அச்சடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணாமல் சுவரில் மாட்டினார். அதற்கு நேர் கீழே, மருத்துவமனைக்குப் பொருளைக் கொடுக்க வேண்டிய தேதி தொங்கியது. அந்தத் தேதியை எந்தக் குழு முடிவு செய்தது என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டுப் பதில் சொல்லாத ஆளிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

என் அத்தா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். விற்கிறவன் என்ன சொல்கிறான் என்று கேட்கமாட்டார். எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறான் என்று பார்ப்பார். நான் மாட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேனே ஒழிய, அந்தப் பழக்கத்தை விட்டு வரவில்லை. கோயம்புத்தூரில் பத்தொன்பது வருடம் மென்பொருள் எழுதிய பிறகும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் வேலைக்கு நாலு நாள் கேட்போம். சென்னியப்பன் மூன்றில் முடிக்கச் சொல்வார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒப்புக்கொள்வோம். அவருக்கு ஒரு நாள் குறைத்த திருப்தி, எங்களுக்கு ஒரு நாள் மிஞ்சிய திருப்தி. அந்த மிஞ்சிய நாளில்தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பிழை பிடிப்போம்.

துலா வந்து அந்த நாளைத் தின்றுவிட்டது.

துலா என்பது ஒரு வெள்ளைப் பெட்டி. சப்பாத்தி டப்பா அளவு இருக்கும். நெற்றியில் ஒரு மஞ்சள் விளக்கு, அதற்குக் கீழே கடுகளவு கேமரா. சென்னியப்பன் அதை அலமாரி மேல் வைத்துவிட்டு எங்களைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"அஜைல் எதனால தோக்குதுன்னா, யாருமே நெசமான நம்பரைச் சொல்றதில்லீங்க. இது ஆறு மாசமா உங்க பேச்சு, டைப் அடிக்கற வேகம், எப்பப் பெருமூச்சு விடறீங்க, எல்லாத்தையும் பார்த்துப் படிச்சிருக்குதுங்க. நீங்க வாயில ஒரு நம்பர் சொல்லுவீங்க. மனசுல இன்னொரு நம்பர் இருக்கும். இது மனசுல இருக்கறதச் சொல்லிப்போடும்."

"எங்க மனசுக்குள்ள பாக்க எங்களக் கேக்க வேணாமா?" என்றேன்.

"கேட்டமுங்களே சிக்கந்தர். வேலைக்குச் சேரறப்பக் கையெழுத்துப் போட்டீங்கள்ல, முப்பத்தி நாலாம் பக்கம்."

முதலில் வரதன் பேசினார். எங்கள் குழுவில் மூத்தவர், சென்னைக்காரர். ஓட்டலில் தோசை கருகி வந்தாலும் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிற மனிதர். தன் வேலைக்கு ஆறு நாள் ஆகும் என்றார். பெட்டியில் விளக்கு எரிந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "நீங்கள் சொன்னது ஆறு. நினைப்பது நான்கு," என்றது.

வரதனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆமாம், நாலுதான் இருக்கும், ரெண்டு நாள் சும்மா சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று பெட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அன்றோடு எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மனசைப் படிக்கிற இயந்திரத்தோடு யார் வழக்குப் பேசுவது?

எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். அது சொன்ன எண் எப்போதும் குறைவாகவே இருந்தது. இத்தனை பேரில் ஒருவன்கூடவா, தன் மனதில் இருப்பதைவிடக் குறைத்துச் சொல்கிற அசடாக இருக்கமாட்டான்? வரதன் ஒருத்தரே போதுமே.

நாலு மாதத்தில் அவர் பாதியாக இளைத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். துலா கொடுத்த நாளில் வேலை முடியாதபோது அவருக்குத் துலா மேல் சந்தேகம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. மனசு நாலு என்றுதானே சொன்னது, கைக்கு என்ன கேடு என்று என்னிடமே கேட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது விளையாட்டுச் சாமான் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்ப். அதன் மூளையை நாங்கள் எழுதினோம். எழுதியதைச் சோதித்துப் பார்க்கிறவர் ஜெயசீலி. தூத்துக்குடிக்காரப் பெண். பிழை கண்டுபிடித்தால் சத்தம் போடமாட்டார். உங்கள் மேசைக்கு வந்து, கடலை மிட்டாய் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். மேசையில் மிட்டாயைப் பார்த்தால், இன்று வர நேரமாகும் என்று வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்.

அவர் சோதிக்க வேண்டிய கடைசிச் சமாச்சாரம் இது: கரண்ட் போனால் பம்ப் அணையும், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் மறுபடி எழுந்திருக்கும். எழுந்ததும், இதுவரை எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று அதற்கு நினைவிருக்க வேண்டும். மறந்துபோனால் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கிவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரட்டை மருந்து.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜெயசீலி பன்னிரண்டு நாள் கேட்டார். விளக்கு எரிந்தது.

"நீங்கள் சொன்னது பன்னிரண்டு. நினைப்பது ஏழு."

ஜெயசீலி சுற்றிலும் பார்த்தார். "இல்ல, என் மனசுல பன்னெண்டுதான் இருக்கு," என்றார். சென்னியப்பன் ஒட்டுத்தாளில் ஏழு என்று எழுதினார். பம்புகள் வெள்ளிக்கிழமை வந்துசேரும், அன்றிலிருந்து ஏழு நாள்.

நியாயமாகச் சொன்னால் எனக்கு ஜெயசீலி மேலும் சந்தேகம் இருந்தது. நான் தரகர் மகன். நல்லவர்கள்தான் நன்றாக விலை ஏற்றுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். அதனால் மதியம் கேன்டீனில் அவர் எதிரில் உட்கார்ந்து, கை துடைக்கிற துண்டை எடுத்து மேசை மேல் விரித்தேன்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் சொல்வோம். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. பொய் சொல்கிற கை ஒரு நொடி அதிகமாகப் பிடிக்கும். தான் சொன்னதை எதிராளி நம்பவேண்டுமே என்ற கவலை அதற்கு.

"என்னண்ணே செய்யுதிய, எல்லாரும் பாக்காவ," என்றார் ஜெயசீலி.

"துண்டுக்கு அடியில கைய விடுங்க தங்கச்சி. முழுக் கையப் பிடிச்சா அஞ்சு, ஒரு விரலுக்கு ஒண்ணு. அந்த வேலைக்கு எத்தன நாளு?"

முழுக் கையை இரண்டு முறை பிடித்தார். பிறகு இரண்டு விரல். சட்டென்று விட்டுவிட்டார். அந்தக் கையில் கவலையே இல்லை.

"ஒரு தடவ ஏத்தி முடிக்க நாலு மணி நேரம்ணே. எத்தன சொட்டு போன பொறவு கரண்ட் போவுதுங்கறத மாத்தி மாத்திப் பாக்கணும். அவசரமா ஏத்திப் பாத்தா அது சோதனையே இல்ல. ஏழு நாளுல நான் பாதிதான் பாப்பேன். மீதிய ஆஸ்பத்திரிக்காரவ பிள்ளைய மேல பாப்பாவ."

அப்படியானால் பெட்டி பொய் சொல்கிறது. அதைச் சோதிக்க எனக்கு அதிக மூளை தேவைப்படவில்லை. திரையில் எழுத்தின் அளவை மாற்றுகிற ஒரு சின்ன வேலையை அன்று மாலை என் வீட்டுக் கம்ப்யூட்டரில், துலாவின் கண்ணில் படாமல் முடித்து வைத்தேன். மறுநாள் கூட்டத்தில், அந்த வேலைக்கு நாலு நாள் ஆகும் என்றேன். முடிந்துபோன வேலை. என் மனதில் இருந்தது பூஜ்யம்.

"நீங்கள் சொன்னது நான்கு. நினைப்பது மூன்று," என்றது துலா.

புதன்கிழமை ஜெயசீலியும் அதே போல, ஏற்கெனவே முடித்துவைத்த ஒன்றுக்கு ஐந்து நாள் கேட்டார். மூன்று கிடைத்தது. எனக்கு நாலில் ஒரு நாள்தான் குறைந்தது, அவருக்கு ஐந்தில் இரண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டு இல்லை. ஆளைப் பார்த்து வெட்டியிருக்கிறது.

மதியம் வரதனைப் பிடித்தேன். அந்த முதல் நாள் உங்கள் மனதில் நிஜமாகவே நாலுதான் இருந்ததா என்று கேட்டேன்.

"அது சொல்றதுக்கு முன்னாடி ஆறுதான் இருந்துது சார். சொன்னப்புறம் நாலாத்தான் இருக்கும்னு தோணிடுச்சு."

எனக்கு விளங்கிவிட்டது. நானும் ஜெயசீலியும் அப்படியே சென்னியப்பன் அறைக்குப் போனோம். கதவைச் சாத்தினேன்.

"அது மனசப் படிக்கலங்க," என்றேன். "எந்த எண்ணச் சொன்னா நாங்க சண்டை போடாம வாய மூடிக்குவோமோ, அந்த எண்ணச் சொல்லுது. யாராவது அடங்கிட்டா, சரியாச் சொல்லிட்டோம்னு அதுக்கு நெனப்பு. வரதன் அன்னிக்குக் காது செவந்து நின்னாரே, அதுதான் அது படிச்ச மொதப் பாடம். தராசுன்னு பேர் வெச்சிருக்கீங்க. அது வாங்க வந்த ஆளு."

சென்னியப்பன் மறுப்பார் என்று பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எனக்கும் மேல ஒண்ணு வெச்சிருக்கறாங்க," என்றார். "இந்தப் பம்புக்கு நான் பத்து மாசம் கேட்டனுங்க. நீங்க நினைக்கறது ஆறுன்னுச்சு. தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"உங்க மனசுல ஆறா இருந்துச்சு?"

"வீடு வந்து சேர்ற வரைக்கும் ஆறுன்னுதானுங்க நெனச்சேன்."

தேதியை நகர்த்தச் சொல்லி ஜெயசீலி கேட்டார். அது தன் கையில் இல்லை என்றார் சென்னியப்பன். கூட்டத்தில் எங்கள் பக்கம் பேசச் சொன்னேன். அதுவும் முடியாதாம். கடைசியில், "நாளைக்கு நீங்க என்ன பேசினாலும் நான் குறுக்க வரமாட்டனுங்க," என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பதையே ஒரு உதவியாகக் கொடுக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஜெயசீலிக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன். காரணம் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால், எந்த இடத்தில் வெட்டலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும். எண்ணை மட்டும் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

வியாழக்கிழமை காலை. சுற்றி நின்றோம். ஜெயசீலி தன் முறை வந்ததும், திங்கட்கிழமை சொன்ன அதே வேலையைச் சொல்லி, பன்னிரண்டு நாள் என்றார்.

"நீங்கள் நினைப்பது ஏழு."

"பன்னெண்டு."

விளக்கு ஒருமுறை சிமிட்டியது. "நீங்கள் நினைப்பது எட்டு."

யாரோ இருமினார்கள். சென்னியப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு," என்றார் ஜெயசீலி.

இந்தமுறை கொஞ்சம் நேரம் எடுத்தது. "நீங்கள் நினைப்பது ஒன்பதரை."

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். பெட்டியைப் பார்த்து இல்லை, எங்கள் ஆட்களைப் பார்த்து.

"அவங்க மனசுல இருக்கறதத்தான் அது சொல்லுதுன்னா, இங்க நின்னபடிக்கே மனசு எப்படி ஏழுலருந்து ஒன்பதரைக்கு ஏறுச்சு?"

ஒவ்வொரு முகமும் நாலு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. வரதன் மட்டும் பெட்டியைப் பார்க்காமல் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டு," என்றார் ஜெயசீலி.

"நீங்கள் நினைப்பது பதினொன்று."

"பன்னெண்டு."

"நீங்கள் நினைப்பது பன்னிரண்டு," என்றது துலா. அதே குரல், அதே மரியாதை. வெட்கப்பட அதற்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை பம்புகள் வந்தன. ஜெயசீலி அவற்றை வரிசையாக நிறுத்தி, நாளெல்லாம் ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஏழாம் நாள் தாண்டியது, ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் ஒன்றுமில்லை. சென்னியப்பன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்கூட, துண்டுக்கு அடியில் பிடித்த ஜெயசீலியின் கையை நினைத்துப் பார்த்தேன், அது உண்மையிலேயே சட்டென்றுதான் விட்டதா என்று.

பதினோராம் நாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் மேசையில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. முக்கால்வாசி மருந்து ஏறிய பிறகு, ஒரே மணி நேரத்தில் மூன்று முறை கரண்ட் போய் வந்தால், பம்ப் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மறந்து, முதல் சொட்டிலிருந்து தொடங்கியது. அந்தப் பகுதியை எழுதியது நான். திரும்பப் படிக்க வேண்டிய நாளைத் துலாவிடம் விட்டுக்கொடுத்த ஒரு வாரத்தில் எழுதியது.

அந்த மிட்டாயை நான் சாப்பிடவில்லை. இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது.

சனிக்கிழமை சென்னியப்பன் நல்ல செய்தி என்று ஒன்று கொண்டுவந்தார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவர்களும் வருத்தப்பட்டார்களாம். துலாவுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டதாம். "இனி ஏறாது, இறங்காதுங்க. ஒரே எண்தான்," என்றார். தேதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிரித்தார்.

திங்கட்கிழமை அடுத்த ஸ்பிரிண்ட். பம்பின் மறதியைச் சரிசெய்வது என் வேலை. நாலு நாள் போதும், பழக்கதோஷத்தில் ஆறு என்றேன். வெட்டட்டும், ஜெயசீலி மாதிரி நின்று ஏற்றிப் பார்க்கலாம் என்று தொண்டையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"நீங்கள் சொன்னது ஆறு. நினைப்பது ஆறு," என்றது துலா.

இத்தனை மாதத்தில் முதல்முறையாக என் வார்த்தை முழுசாக நின்றது. ஜெயசீலி ஐந்து கேட்டார், ஐந்தும் கிடைத்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கமாட்டேன். ஒரு மிரட்டலிலேயே படிந்துவிட்டது பார் என்று நினைத்தேன்.

அடுத்து வரதன். குழாயில் காற்று புகுந்தால் அலறுகிற மணியை எழுதுகிறவர் அவர். அது அலறாவிட்டால் நர்ஸுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது நாள் என்றார், அதுவும் மெல்ல.

"நீங்கள் சொன்னது ஒன்பது. நினைப்பது நான்கு."

வரதன் தலையாட்டினார்.

எங்களுக்கு முழுசாகக் கொடுத்ததை அது எங்கே ஈடுகட்டியது என்று எனக்குத் தெரிந்தது. முரண்டு பிடிக்கிற இரண்டு பேருக்குக் கேட்டதைக் கொடுத்து ஓரமாக அனுப்பிவிட்டு, மூன்றாமவனிடம் வசூல் செய்கிற ஆட்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என்னிடம் இரண்டு நாள் உபரியாக இருந்தது. ஜெயசீலி என்னைப் பார்த்தார். துலாவின் விளக்கு அணையவில்லை; அதுவும் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

"வரதனுக்கு ஒன்பது," என்றேன் பெட்டியிடம். "என்னோடதுல ரெண்ட எடுத்துக்க. மிச்சத்த நீயே தேடிக்க."

சொல்லத்தான் சொன்னேன். ஆனால் வரதன் தலையாட்டியதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில், அந்த ஆறு நாளை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

துலா குறித்துக்கொண்டிருக்கும்.